சில்லருக்குள் ஒரு கடற்போர்

என் கப்பல்கள் எரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு பெண் கதவைத் திறந்து, "அக்கா, மல்லி இருக்கா?" என்று கேட்டாள்.

நான் அப்போது எங்கள் பூக்கடையின் சில்லருக்குள் இருந்தேன். பூ வாடாமல் வைக்கிற குளிர் அறையைத்தான் சில்லர் என்போம். ஓர் ஆள் உள்ளே நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் பூ இடிக்கும். கவிழ்த்துப் போட்ட வாளியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே ரோஜாப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் புது லேப்டாப். என் மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டர் மேல் என் வீட்டுக்காரர் பாலுவின் மழைக்கோட்டு, தலையைச் சுற்றி ஒரு துண்டு. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே லிட்டில் இந்தியாவில் மண்டையைப் பிளக்கும் வெயில்.

"வடக்கே திருப்பு ராதா! வடக்கே! என்னைய விட்டுட்டுப் போயிடாத!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாளாம். அவள் முகம் போன போக்கைப் பாலு பிறகு எனக்கு நடித்துக் காட்டினார். ஆனால் அப்போது அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. என் தலைக்கு மேலே கையை நீட்டி மல்லிகைப் பந்தை எடுத்துக்கொண்டு, "ஒன்னும் இல்லமா, அக்கா சண்டைல இருக்காங்க. எத்தன முழம் வேணும்?" என்றார்.

கேமரன் மலையிலிருந்து ரோஜா லாரி வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்களுக்குப் பூவை விட்டால் வேறு உலகமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். கிடையாது என்று யார் சொன்னது? அந்த வேறு உலகத்தில் எனக்கு ஒரு கடற்படையே இருக்கிறது தாயே. அதைக் காப்பாற்றப் போய்த்தான் மல்லிகைக்கு நடுவே விறைத்துக் கிடந்தேன்.

மூன்று பேர், மூன்று நாடு

நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூவர். மூத்தவர் மணியம் அண்ணன், ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கிறார். நடுவில் நான், சரோ. கடைசி ராதா, சுங்கை பாக்காப்பில் பள்ளி ஆசிரியை. நான் தீவில், அவர்கள் இருவரும் அக்கரையில். நடுவில் ஒரு பாலம், பாலம் நிறைய வண்டி. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பார்த்துக்கொண்டால் பெரிய விஷயம் என்று ஆகிப்போயிருந்தது.

எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அந்தக் காலத்தில் ராதாதான் எங்களுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினாள். பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம். உலக வரைபடம் ஒன்று திரையில் விரியும். ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வரி போடலாம், கப்பல் கட்டலாம், பக்கத்து நாட்டுக்காரனிடம் சிரித்துப் பேசிக்கொண்டே அவன் எல்லையில் படையைக் கொண்டுபோய் நிறுத்தலாம். நாள், மாதம், வருடம் என்று ஆட்டத்துக்குள் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் ஆட்டம் முடியப் பல மாதம் பிடிக்கும்.

பூக்கடைக்காரிக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். நாளைக்கு எத்தனை கல்யாணம், எவ்வளவு பூ வரும், எவ்வளவு வாடும், எதிர்க்கடைக்காரர் என்ன விலை சொல்வார் என்று தினமும் கணக்குப் போடுகிறவளுக்கு ஒரு நாட்டை ஆள்வது பெரிய காரியமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மாலையெல்லாம் காலையிலேயே போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலு கடையைப் பார்த்துக்கொள்வார், நான் மாடி ஏறிவிடுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழ மாட்டோம். என் வாரத்தில் எனக்கே எனக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான்.

இந்த ஆட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. மூவருக்கும் ஒரே காலம்தான் ஓட வேண்டும். அதனால் யாருடைய கம்ப்யூட்டர் மெதுவானதோ, அதன் வேகத்தில்தான் மற்ற இரண்டும் போக முடியும். மெதுவானது என்னுடையது. மகள் காலேஜில் தேய்த்து முடித்துவிட்டு எனக்குத் தந்த லேப்டாப்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஆட்டம் வளர வளர நாடுகள் கொழுக்கும், படைகள் பெருகும், கப்பல்கள் கடலை அடைக்கும். அத்தனைக்கும் அடுத்து என்ன செய்வது என்று கம்ப்யூட்டர்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். என் கிழட்டு லேப்டாப் யோசித்தது, யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. திரையில் தேதி நகராமல் நிற்கும்.

எனக்கும் ராதாவுக்கும் அது பெரிய கஷ்டமாகவே தெரியவில்லை. தேதி நின்றால் வாய் ஓடும். இன்றைக்கு என்ன சமையல், அவள் வகுப்பில் எந்தப் பிள்ளை யாரைக் கடித்தது, யார் வீட்டில் பெண் பார்த்தார்கள் என்று பேசிக்கொண்டிருப்போம். அண்ணன் மட்டும் அந்த நேரத்தில் உம்மென்று இருப்பார். அவர் வாயைத் திறந்தால் கியர்பாக்ஸைத் தவிர வேறு எதுவும் வராது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, அவர் வாயைத் திறந்தார்.

"சரோ, இது ஆட்டமா, இல்ல பாலத்துல ஜாம்ல நிக்கிறோமா? என்னால முடியல லா. அடுத்த ஞாயித்துக்குள்ள வேற கம்ப்யூட்டர் பாரு. இல்லன்னா உன் நாட்ட கம்ப்யூட்டர் கையில குடுத்துருவோம்."

அப்படி ஒரு வசதி ஆட்டத்தில் இருக்கிறது. ஆள் விலகிப் போனால் அந்த நாட்டைக் கம்ப்யூட்டரே ஆளும். மற்றவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கலாம். அதற்கான பொத்தான் ஆட்டத்தை நடத்துகிற ராதாவின் திரையில் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்குப் பாலு வாங்கி வந்த, வேர்க்கடலை வைத்து மடித்த அப்பம் பாலிக்கைக் கூட நான் தொடவில்லை. நாடு போவதா எனக்குக் கவலை? நான் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமை நடக்கும் என்பதுதான் கவலை.

எழுந்தால் நாடு போச்சு

அண்ணனின் இந்தக் குணம் இன்று நேற்று வந்ததல்ல.

நாங்கள் வளர்ந்தது பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அம்மா பக்கத்து எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகல் ஷிப்ட் என்றால் சாவியை அண்ணனிடம் கொடுத்து, உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார். பள்ளி விடுமுறை நாட்களில் கூடத்துத் தரைதான் எங்கள் உலகம். ஒவ்வொரு சதுரக் கல்லும் ஒரு நாடு. சோடா மூடிகள் படை. கட்டிலுக்கு அடியில் இருந்த கற்கள் வட துருவம், அங்கே போக எல்லாருக்கும் பயம்.

சட்டம் போடுவது அண்ணன். அவர் போட்டதில் முதல் சட்டம், "எழுந்தா நாடு போச்சு." உட்கார்ந்த இடத்தை விட்டு யார் எழுந்தாலும் அவர்கள் கல் எல்லாம் அண்ணனுக்கு.

ராதா அப்போது சின்னப் பிள்ளை. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அவள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அண்ணனின் பேரரசு பெரிதாகும். திரும்பி வந்து தன் மூடிகளைக் காணாமல் உதட்டைப் பிதுக்குவாள். நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

பாலிக் பூலாவ் ஏற்றம்

திட்டியவரே இரண்டு நாள் கழித்துக் கடை வாசலில் வந்து நின்றார். அதுவும் அவர் குணம்தான்.

"வா, கம்ப்யூட்டர் பாக்கப் போவோம். தனியா போனா ஒன் தலையில எதையாச்சும் கட்டிருவானுங்க."

என்னிடம் இருந்தது நவராத்திரி மாலையில் மிஞ்சிய காசு. அதற்கு மேல் ஒரு வெள்ளி கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன். வழியெல்லாம் அண்ணன் எனக்கு வகுப்பு எடுத்தார்.

பழைய கார் வாங்குவதில் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. காலி வண்டியைச் சமத்தரையில் ஓட்டிப் பார்க்கவே மாட்டார். உடம்பு வைத்த ஆட்களாகப் பார்த்து நாலு பேரை ஏற்றுவார், பின்னால் அரிசி மூட்டை போடுவார், ஏர்கோன் குளிரை முழுதாகத் திருப்புவார். அப்படியே பாலிக் பூலாவ் மலைப்பாதைக்கு விடுவார். ஏர்கோன் எஞ்சினின் உயிரை வாங்கும், பாரம் மிச்சத்தை வாங்கும். அதற்கும் முனகாமல் ஏறுகிற வண்டிதான் வண்டி.

"கம்ப்யூட்டரும் அப்பிடித்தான். கடைல சும்மா போட்டு காட்டுனா எல்லாம் நல்லாதான் ஓடும். நம்ம ஆட்டத்த ஏத்தி ஓட்டச் சொல்லணும்," என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது மிகச் சரியான யோசனை. இந்த மாதிரி ஆட்டங்கள் தொடக்கத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் பறக்கும். முடிவு நெருங்கும்போதுதான் சாயம் வெளுக்கும். நாங்கள் நிறுத்தியிருந்த ஆட்டத்தை ராதா அப்படியே சேமித்து அனுப்பியிருந்தாள். அத்தனை நாடு, அத்தனை படையோடும் அது ஒரு பென்டிரைவில் என் கைப்பைக்குள் இருந்தது.

மூன்றாம் மாடி

கொம்தார் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள். நாங்கள் நுழைந்த கடையில் ஷரிஃபா என்ற பெண் இருந்தாள். அவள் 'அத்தா' என்று அழைக்கும் அப்பாவின் கடை. பாலம் தாண்டிக் கூலிம் பக்கத்திலிருந்து கூட அவளைத் தேடி ஆள் வருவார்கள் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் ஆட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது.

"அல்லா! நீங்களா விளையாடுறீங்கக்கா? நானும் அதாங்கா! எந்த நாடு?"

சொன்னேன். "கஷ்டமான நாடுக்கா அது, மூனு பக்கமும் எதிரி," என்றாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

அண்ணன் நேராகப் போய் நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால். உள்ளே விளக்குகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்தன. தைப்பூச ரதம் தோற்றது. விலையைக் கேட்டதும் நான் ரதத்தை விட்டு நகர்ந்துவிட்டேன்.

"அந்த வெளக்குக்கெல்லாம் காசு குடுக்காதீங்கக்கா," என்றாள் ஷரிஃபா. "சுட்டுத் தள்ளுற கேம்னா படம் காட்டுற கார்டு பெருசா வேணும். நம்ம கேம்ல ஓடுறது வெறும் மேப்புதானே? இங்க யோசிக்கிற மூளைதான் முக்கியம். புரொசெசருக்குக் காசு போடுங்க. மெமரி தாராளமா வேணும். பழைய டிஸ்க் வேணாம், எஸ்எஸ்டி போட்டது எடுங்க. படம் காட்டுற கார்டு சுமாரா இருந்தாப் போதும்."

என் காசுக்குள் அடங்குவதாக இரண்டைக் காட்டினாள். ஒன்று மெல்லிசான, வெள்ளி நிற லேப்டாப். மற்றொன்று மூலையில் நின்ற கறுப்புப் பெட்டி. முன்னால் பெரிய விசிறி, விளக்குக் கிடையாது, அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இது என்ன, அரிசி டின் மாதிரி?" என்றார் அண்ணன். என் கண்ணும் லேப்டாப்பில்தான் இருந்தது. கடையில் மாலை கட்டும் மேசைக்கு அடியில் சொருகி வைக்கலாமே.

லேப்டாப்பில் எங்கள் ஆட்டத்தை ஏற்றினாள். அண்ணன் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீர். "இந்தத் தண்ணி தீர்றதுக்குள்ள ஒரு வருசம் ஓடிருச்சுன்னா வாங்கலாம்," என்று உறிஞ்சுகுழலை வாயில் வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"ஏர்கோன் போடுமா. ஃபுல்லா போடு."

"ஏங்கண்ணே? வேர்க்குதா?"

"டெஸ்ட்டுன்னா ஏர்கோன் போட்டுத்தான் பாக்கணும். எங்க லைன்ல அப்பிடித்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தாள். கடை ஐஸ்பெட்டி ஆனது. ஆட்டத்தில் ஒரு வருடம் ஓடி முடிந்து அடுத்த வருடம் பாதி போயிருந்தது, அண்ணனின் பையில் இன்னும் தேநீர் இருந்தது. நான் கை தட்டிவிட்டேன்.

ஷரிஃபா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வீட்டுல எங்க வச்சு விளையாடுவீங்கக்கா? மெல்லிசான மெஷின், சூடானா தன்னால வேகத்தக் கொறச்சுக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லிவிட்டார். "ஏர்கோன் ரூம்லதான், வேற எங்க?" அவர் ஆபீசில் சாமி படத்துக்கே ஏர்கோன் காற்று படும். எங்கள் மாடியிலோ பாலுவின் தும்மலுக்குப் பயந்து ஏர்கோனே வாங்கவில்லை. நான் அந்த வெள்ளி நிறத்தைத் தடவிக்கொண்டு நின்றதில் அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

ஞாயிறு மத்தியானம்

அந்த ஞாயிறு ஆட்டம் பறந்தது. அண்ணனே, "பாத்தியா, ஏத்தம் ஏறுது!" என்று சிரித்தார். எதிரி என் ஜலசந்தியைக் குறி வைத்துப் பெரிய கடற்படையைத் திரட்டிக்கொண்டிருந்தான். நானும் ராதாவும் சேர்ந்து அதை மறிக்கப் புறப்பட்டோம்.

மணி ஏற ஏறக் கூரை ஓடு வெயிலை இறக்கியது. எங்கள் மாடிக்கூடத்தில் மத்தியானம் அப்பளத்தைக் காயவைக்க வெளியே போக வேண்டியதில்லை. லேப்டாப் ஊதத் தொடங்கியது. பிறகு தேதி திக்கியது. பிறகு நின்றது. இரண்டு கடற்படையும் முட்டிக்கொண்ட நேரம் அது.

"சரோ?" என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் போன வாரம் சொன்னது முழுதும் இருந்தது.

"இருங்கண்ணே, இருங்க!"

அடியில் தொட்டேன். தோசை வார்க்கலாம். பாலு தண்ணீர் குடிக்க மேலே வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார். வாடின சரத்தைப் புரட்டிப் பார்ப்பது போலவே இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"வாடிப் போச்சு. சில்லர்ல வையி," என்றார்.

எங்கள் கடையில் எது துவண்டாலும் அதுதான் மருந்து. அவர் கேலியாகச் சொன்னாரோ என்னவோ, நான் லேப்டாப்பைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு படியிறங்கி ஓடினேன். பாலு பின்னாலேயே இன்டர்நெட் கேபிளை இழுத்துக்கொண்டு வந்தார். அது கதவிடுக்கு வழியாக உள்ளே வந்ததால் சில்லர் கதவை ஒருக்களித்துத்தான் வைக்க முடிந்தது. அப்படித்தான் அந்த மல்லிப் பெண் என்னைக் கண்டுபிடித்தாள்.

இரண்டு முழம் மல்லி விற்று முடிப்பதற்குள் லேப்டாப் தெளிந்துவிட்டது. தேதி நகர்ந்தது. என் கப்பலில் பாதி எரிந்து போயிருந்தது. ஆனால் ராதா வடக்கே திரும்பி வந்து சேர்ந்தாள். எதிரி ஓடினான். நான் ரோஜாவுக்கு நடுவே எழுந்து நின்று கத்தியதில் ஒரு கொத்து என் தலைமேலேயே விழுந்தது. வெற்றி மாலை என்று வைத்துக்கொண்டேன்.

"இப்ப ஓடுதே! என்ன பண்ண?" என்று கேட்டார் அண்ணன்.

"பூவோட வச்சுட்டேண்ணே."

ராதா சிரிக்கத் தொடங்கினாள். "அண்ணே, கார்ல ஏர்கோன் போட்டா எஞ்சினுக்குப் பாரம். கம்ப்யூட்டருக்கு ஏர்கோன் போட்டா அது சொகமால்ல ஓடும்! நீங்க மலையில ஏத்தல, எறக்கத்துல விட்டுப் பாத்திருக்கீங்க!"

அண்ணன் "ம்" என்றார். அவர் "ம்" என்றால் ஒத்துக்கொண்டார் என்று பொருள்.

அரிசி டின்

மறுநாள் ஷரிஃபாவிடம் விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பூ சில்லர்லயாக்கா? வெளிய எடுத்ததும் உள்ள தண்ணி கோத்துக்கும்லா! ஏன் மொதல்லயே சொல்லல, ஏர்கோன் இல்லன்னு?" திட்டிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து பார்த்து, நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை என்று அதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு அரிசி டின்னைத் தருவதாகச் சொன்னாள். விலையும் கொஞ்சம் குறைவுதான்.

"ஆனா இந்தத் தடவ இங்க டெஸ்ட் பண்ண வேணாம். ஒங்க வீட்டுக்கே கொண்டாறேன். நல்லா வெயில் ஏறட்டும்."

சொன்னபடி உச்சி வெயிலில் அரிசி டின்னோடு வந்தாள். அண்ணனும் வந்தார், அவர் இல்லாமல் பரிசோதனையா? எல்லா ஜன்னலையும் சாத்தச் சொன்னார். சமையலறையில் பாலுவை அடுப்பு மூட்டச் சொன்னார். மூன்று பேரும் வியர்வையில் குளித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெரிய விசிறி நிதானமாகச் சுற்றியது. வருடம் ஓடியது. அடுத்த வருடமும் ஓடியது. அரிசி டின் ஒரு முனகல் முனகவில்லை.

"இதாம்மா வண்டி," என்றார் அண்ணன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

உடனே சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்தார். புது வண்டி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து ஏற்றாமல் அவர் சாவியைக் கொடுக்க மாட்டார். அரிசி டின்னுக்கு டயர் ஏது? காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார், பெட்டி சாய்ந்தது. ஷரிஃபா அதை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு குவளை எலுமிச்சைச் சாறு வந்தது. நான் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு முழம் மல்லியும் சுற்றினேன். விசிறிப் பக்கம் பூ போகக் கூடாது என்று ஷரிஃபா நகர்த்தி வைத்தாள்.

காத்திருக்கவா?

எங்கள் மூவரில் இப்போது நல்ல கம்ப்யூட்டர் என்னுடையது. "அக்கா, இனிமே ஆட்டத்த நீயே நடத்து," என்று ராதா ஒப்படைத்துவிட்டாள். அந்த ஞாயிறு நான் மகாராணி மாதிரி உட்கார்ந்தேன்.

தொடங்கிச் சிறிது நேரத்தில் தேதி நின்றது.

அரிசி டின்னைத் தொட்டேன், சூடே இல்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. மணியம் பின்தங்குகிறார், காத்திருக்கவா, அவர் நாட்டைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்.

இத்தனை நாளும் என் கிழடு எல்லாரையும் விட மெதுவாக இருந்ததால் அண்ணன் கம்ப்யூட்டரின் வண்டவாளம் தெரியவில்லை. போன ஞாயிறு அது எப்படியோ ஈடுகொடுத்தது, போருக்குப் பிறகு படைகள் இன்னும் பெருகியதும் திணறிவிட்டது. அவருடையது கார் விற்ற ரசீது அடிக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டர். ஏர்கோனில்தான் இருக்கிறது. ஆனாலும் கிழடு கிழடுதான்.

கட்டத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தேன். ராதா துள்ளிவிட்டாள்.

"அமுக்குக்கா! எழுந்தா நாடு போச்சு! எத்தன வருசமா காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா! அமுக்கு!"

"நெட்டு சரியில்லன்னு நெனைக்கிறேன்," என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"நெட் இல்லண்ணே. கம்ப்யூட்டர்."

பொத்தான் மேல் என் விரல் இருந்தது. கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த இறங்கிய குரலை எனக்குத் தெரியும். போன வாரத்துக்கு முந்தின வாரம் அப்பம் பாலிக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் நான்தானே. "காத்திரு" என்பதை அமுக்கினேன்.

"என்ன சாப்டீங்கண்ணே?" என்று கேட்டேன். தேதி நின்றால் எங்கள் வழக்கம் அதுதானே. அண்ணனிடம் மட்டும் இதுவரை கேட்டதில்லை.

"மீ கோரிங். பொட்டலம் வாங்கிட்டு வந்தேன்."

"அண்ணி?"

"அவ கேஎல் போயிருக்கா, மககிட்ட. பேரனப் பாத்துக்கணும்ல. வர ரெண்டு மாசம் ஆவும்."

தேதி நகரவில்லை. அண்ணன் தானாகவே பேசினார். கியர்பாக்ஸ் வரவில்லை.

"ஞாயித்துக்கெழம கட லீவு சரோ. வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்றது? இதுக்காகத்தான் வந்து ஷட்டரத் தொறக்குறேன்."

எங்களுக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் வியாபாரம் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்ல வேளை, போனில் தெரியாது.

"அடுத்த ஞாயிறு இங்க வாங்கண்ணே. கம்ப்யூட்டரையும் தூக்கிட்டு வாங்க. மீன் கறி வைக்கிறேன்," என்றேன்.

"அப்ப நானும் வரேன்," என்றாள் ராதா உடனே.

வந்தார்கள். அண்ணன் காரின் பின்னாலிருந்து கம்ப்யூட்டரை இறக்கினார், கூடவே உயரமான ஒரு மின்காத்தாடியையும் இறக்கினார். விருந்துக்குக் காற்றைக் கொண்டுவந்த மனிதர் அவர் ஒருவர்தான். மாடிக்கூடத்தில் மூன்று மேசை போட்டோம். ராதாவின் கால் என் காலை இடித்தது, அந்தப் பழைய கூடத்தில் இடித்த மாதிரியே.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்சத்தில் தேதி நின்றது. கட்டம் எழும்பியது, காத்திருக்கவா என்று கேட்டது. கறிச்சட்டியோடு வந்த பாலு குனிந்து பார்த்துவிட்டு, அவரே "காத்திரு"வை அமுக்கினார்.

"மொதல்ல சாப்புடுங்க எல்லாரும். கை கழுவிட்டு வாங்க."

அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். அவர் நாடு இருந்த இடத்திலேயே இருந்தது.